கிணற்றில் இறங்கியவர் பெயர்

எருமை கிணற்றில் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதைத் தூக்கியதும் அன்றைக்கேதான். ஆனால் கிணற்றில் இறங்கியவர் யார் என்பது முடிவாவதற்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வரை ஆகிவிட்டது. நடுவில் நடந்ததைச் சொல்கிறேன், சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். யாரும் சாகவில்லை, பயப்பட வேண்டாம்.

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஜெகன் ஒரு ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் அங்கேதான் ஓடியது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மேட்டர் அடிப்பவள் புவனேஸ்வரி. மேட்டர் என்றால் பேனரில் வரும் எழுத்து. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யாருக்கு ‘பாசமிகு’, யாருக்கு ‘மதிப்பிற்குரிய’ என்பதெல்லாம் அவள் கையில். அவள் அடித்த பேனரால் ஒரு குடும்பத்திலும் சண்டை வந்ததில்லை. வந்திருந்தால் பேனர் கட்டுவதற்கு முன்பே வந்திருக்கும்.

பேனர் வைக்கக் கெடுபிடி கூடியபோது வேலை குறைந்தது. ஒருநாள் ஜெகன் சொன்னான்.

“அக்கா, இனிமே போன்லதான் எல்லாம். நாம ஒரு நியூஸ் சைட் தொறப்போம். ‘நம்ம கவரை’ன்னு பேரு. படிக்க ஆளு வந்தா வெளம்பரம் தானா வரும்.”

“எய்தறது யாரு?”

“நீதான். கடைல எய்தத் தெரிஞ்ச ஆளு நீ ஒர்த்திதான்.”

“எனக்குக் கண்ணீர் அஞ்சலிதான் ஜெகன் நல்லா வரும்.”

“அதுவும் நியூஸ்தான்க்கா.”

முதல் கட்டுரை சாக்கடை அடைப்பைப் பற்றியது. சத்தியமாக நல்ல கட்டுரை. அடைப்பு எங்கே, ஏன், எத்தனை நாளாக என்று எல்லாம் இருந்தது. அதை எழுதிய புவனா படித்தாள், ஜெகன் படித்தான், ஜெகனின் மச்சான் பாதி படித்தான்.

ஜெகன் அதற்குப் பிறகு ஏதோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்தான். தலைப்பில் விஷயத்தைச் சொல்லக் கூடாது, சொல்லப்போவது போலக் காட்ட வேண்டும் என்பது அதில் பாடம். ஆகவே பஜாரில் புதிதாக ஒரு பேக்கரி திறந்தபோது, ‘பூட்டிக் கிடந்த கடை... ஷட்டரைத் தூக்கியவர்கள் கண்ட காட்சி!’ என்று தலைப்பு போட்டான். நிறையப் பேர் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் கடைக்குப் போன் போட்டுப் பேசினார்.

“வேலைய உட்டுட்டு ஓடியாந்து பாத்தா உள்ள பன்னு கீது!”

“பன்னுன்னுதான சார் எய்தியிருக்கேன்” என்றாள் புவனா.

“பன்ன பாக்கறதுக்கு இன்னாத்துக்குமா எங்கள பேஜாரு பண்றீங்க?”

அவர் திரும்ப வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை.

கோடையில் சின்னராசு தண்ணீர்ப் பந்தல் திறந்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். இளைஞர் மன்றத்தின் தலைவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, பதவி மட்டும் இன்னும் இளைஞராகவே இருந்தது. பந்தலைப் பற்றி எழுதி முடித்த புவனா, கை போன பழக்கத்தில், அடியில் பெயர்களையும் வரிசையாக அடித்துவிட்டாள். பானை கொடுத்தவர், மண் கொடுத்தவர், கொம்பு நட்டவர்கள், முதல் டம்ளர் குடித்தவர். பேனராக இருந்தால் ‘இவண்’ என்று போட்டு முடித்திருப்பாள்.

அன்று மாலைக்குள் அந்தக் கட்டுரை ஊரெல்லாம் போய்விட்டது. பெயர் வந்தவர்கள் தங்கள் வீட்டாருக்கு அனுப்பினார்கள். வீட்டார் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். கொம்பு நட்டவர்களில் ஒருவரின் மாமியார் பள்ளிப்பட்டில் இருந்துகொண்டு, மருமகன் பேப்பரில் வந்துவிட்டதாகத் தெருவுக்கே காட்டினாராம்.

மற்ற கட்டுரைகளில் மனிதர்கள் செய்தியைத் தேடி வர வேண்டியிருந்தது. இதில் தங்களையே தேடி வந்தார்கள். அவ்வளவுதான் விஷயம், கண்ணுகளா. அதற்குப் பிறகு ‘நம்ம கவரை’யில் பெயர் வரிசை இல்லாமல் ஒரு கட்டுரையும் வரவில்லை. சாலையில் மரம் சாய்ந்தால் வெட்டியவர், ரம்பம் கொடுத்தவர், ஓரமாய்ப் போகச் சொன்னவர், வேடிக்கை பார்த்தவர்கள். குடிநீர்க் குழாய் உடைந்தால், சரிசெய்ய ஆள் வருவதற்கு முன்பே வேடிக்கை பார்ப்பவர்கள் வந்து நல்ல சட்டையோடு நின்றார்கள்.

கட்டுரை போடுவதற்கும் ஒரு நேரம் இருந்தது. இங்கே கம்பெனிகளில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நம் ஜனங்கள் படிப்பது போகும்போதும் வரும்போதும் கம்பெனி பஸ்ஸில்தான். ஷிஃப்ட் விட்டு பஸ் கிளம்பும் நேரம் பார்த்துக் கட்டுரை ஏற வேண்டும். கொஞ்சம் பிந்தினால் எல்லாரும் தூங்கிவிடுவார்கள்.

இனி எருமைக்கு வருவோம்.

அது பச்சையம்மாவின் எருமை. பச்சையம்மா டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவர். மூன்று பக்கமும் கம்பெனிச் சுவர் எழும்பி, நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு நிலத்தில் பழைய கிணறு. அதன் கைப்பிடிச் சுவர் இடிந்திருந்தது எருமைக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருந்தது. அதற்குள் பக்கத்துக் கம்பெனியிலிருந்து தானியேல் ஹைட்ராவை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். இரும்புப் பாரம் தூக்குகிற வண்டி. கொக்கி இருந்தது, பெல்ட் இருந்தது. ஆனால் யாராவது உள்ளே இறங்கி எருமையின் வயிற்றைச் சுற்றி பெல்ட்டை மாட்ட வேண்டும். கூடியிருந்த அத்தனை பேரும் கிணற்றைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

இறங்கியவன் பரணிதரன். புவனாவின் தம்பி. வார்ப்படக் கம்பெனியில் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவன், சட்டையைக் கழற்றிப் பச்சையம்மா கையில் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். சின்னராசு விளிம்பில் நின்று, “லெஃப்ட்ல புடி! லெஃப்ட்டு! எருமைக்கு லெஃப்ட்டு!” என்று யோசனை சொன்னார். எருமை மேலே வந்தது. நிமிர்ந்து நின்று, எல்லார் மேலும் தண்ணீரை உதறிவிட்டு, புல் மேயப் போனது. கிணற்றுக்குள் இருந்தவனைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தூக்கினார்கள். எருமையைப் படம் எடுக்க வேண்டியிருந்தது.

புவனா கடைக்கு ஓடி வந்து அடித்தாள். ஹைட்ரா ஓட்டியவர், பெல்ட் கொடுத்தவர், கயிறு பிடித்தவர்கள், யோசனை கூறியவர், டீ வழங்கியவர், வேடிக்கை பார்த்தவர்கள். எல்லாப் பெயரும் வந்தது. ‘கிணற்றில் இறங்கியவர்’ என்ற முதல் வரி மட்டும் காலி.

ஏன் காலி என்றால், அது கடைப் பழக்கம். காதுகுத்துப் பேனரில் தாய்மாமன் இடத்தைக் கடைசி வரை காலியாகத்தான் வைப்பார்கள். மற்ற பெயரெல்லாம் அடித்து, படமெல்லாம் ஒட்டி, கடைசியில்தான் மாமன் பெயர். அவருக்கு என்ன அடைமொழி என்பதில்தான் பேச்சு இழுக்கும். காலியாக விட்டாலும் பயமில்லை. அச்சுக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், காலி இடம் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

புவனா தன் தம்பிக்கு ஒரு நல்ல வார்த்தையாக யோசித்துக்கொண்டிருந்தாள். ‘துணிச்சல்மிகு’ போதாது போலிருந்தது. ‘மாவீரர்’ என்று போட்டால் அவனே சிரிப்பான்.

“சாயங்கால பஸ் கெளம்புதுக்கா!” என்று ஜெகன் வந்து பட்டனைத் தட்டிவிட்டான்.

இணையத்தில் அச்சுக்கு முன்னால் வந்து பார்க்கிற வீட்டுக்காரர்கள் இல்லை.

கிணற்றில் இறங்கியவர், இரண்டு புள்ளி, பிறகு வெள்ளை. அன்று பஸ்ஸில் படித்தவர்கள் அந்த வெள்ளையைப் பார்த்தார்கள். முதலில் ஒருவன், ‘நான்தான்’ என்று கீழே எழுதினான். அவனைத் திட்டி இன்னொருவன், ‘டேய் நான் எறங்கினேன், நீ செருப்புக்குக் காவல் இருந்த’ என்று எழுதினான். இரவுக்குள் கவரைப்பேட்டையில் பாதி ஆண்கள் கிணற்றில் இறங்கியிருந்தார்கள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒருவர், லீவில் வந்திருந்தால் நான்தான் இறங்கியிருப்பேன் என்று எழுதினார். அதற்கு நிறைய லைக். இளைஞர் மன்றம் தன் தலைவர் படத்தைப் போட்டு, ‘வாயில்லா ஜீவனைக் காத்த வள்ளலே’ என்றது. சின்னராசு அதை மறுக்கவில்லை. ஏற்கவும் இல்லை. கும்பிட்ட கை படம் மட்டும் போட்டார்.

அதுவரை ‘நம்ம கவரை’யை அப்படி யாரும் படித்ததில்லை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லையைத் தாண்டிக்கூடப் போனது. தெலுங்கில் ஒருவர், கிணற்றில் இறங்கியது தானே என்றார்.

மறுநாள் காலை புவனா பெயரைச் சேர்க்கப் போனாள். ஜெகன் மௌஸைப் பிடித்துக்கொண்டான்.

“தொடாதக்கா. ஜனம் சண்ட போட்டுக்கினு கீது. பேரு போட்டா எல்லாம் ஊட்டுக்குப் போயிடும்.”

“எறங்குனது என் தம்பிடா.”

“யாரு இல்லன்னா? ரெண்டு நாளு கழிச்சிப் போடுவோம். தம்பிதான, கோச்சிக்குவானா?”

கோபித்துக்கொண்டான். அது சாதாரணக் கோபமாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை புவனாவின் மகள் தன்ஷிகாவுக்குக் காதுகுத்து. குழந்தை உட்கார மாமன் மடி வேண்டும். அம்மா அப்பா போன பிறகு புவனாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது பரணி ஒருவன்தான். அவன் இல்லாமல் அந்தக் குழந்தைக்குக் காது குத்தலாம். ஓட்டை விழும், கம்மல் போடலாம். ஆனால் புகுந்த வீட்டார் நிறைந்து நிற்கிற இடத்தில் அவள் பக்கம் ஒரு பாய் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது.

பரணி போனை எடுக்கவில்லை. ஜெகன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, புவனா காலியிடத்தில் ‘பரணிதரன்’ என்று அடித்தாள். அடைமொழிகூடப் போடவில்லை. அவ்வளவுதான், இன்னும் மோசமாயிற்று. ‘கட்டுரை எழுதினது யாரு? அக்கா. பேரு யாருது? தம்பி. நல்லா கீதுப்பா ஒங்க பேப்பரு’ என்று ஒருவன் எழுதினான். அதற்கும் நிறைய லைக்.

அவள் கம்பெனி கேட்டில் போய் நின்றாள். ஷிஃப்ட் விட்டு ஆட்கள் வந்தார்கள். பரணியோடு வந்த ஒருவன், “இன்னா பரணி, அன்னிக்கு எறங்குனது ஒன் ஆவியா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பரணி சிரிக்கவில்லை.

“டேய், பேரு போட்டுட்டன்டா.”

“நீ போட்ட பேருதான? ஊரே பாத்துச்சி. அக்கா போட்ட பிச்சன்றானுங்க.”

“நீ எறங்குனது எனக்குத் தெரியாதா?”

“ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எருமைக்குத் தெரியும். அது வந்து சாட்சி சொல்லுமா?”

“ஞாயித்துக்கெழம வருவ இல்ல?”

அவன் பஸ் படியில் கால் வைத்தான். “கெணத்துல எறங்காதவன் மடி புள்ளைக்கு எதுக்குக்கா? எறங்குனவன் எவன்னு ஒன் பேப்பர்லயே கேளு. அவன் மடில ஒக்கார வெய்யி.”

பஸ் போய்விட்டது.

வீட்டில் அவள் கணவன் அன்புசெல்வன், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். “நான் வேணா அவங்கிட்ட பேசட்டா?”

“நீ பேசாத. நீ பேசுனா மாமன் சீரு கேக்கறன்னு நெனச்சிக்குவான்.”

சொன்னவள் அப்படியே நின்றாள். சாம்பார்க் கரண்டி கையில் இருந்தது.

“குழம்பு,” என்றான் அன்புசெல்வன்.

மறுநாள் அவள் போட்ட கட்டுரையின் தலைப்பு: ‘கிணற்றில் இறங்கியது யார்? ஞாயிற்றுக்கிழமை காலை தெரிந்துவிடும்!’

“இதான்க்கா தலைப்பு!” என்று ஜெகன் குதித்தான். அவன் எந்தக் கட்டுரையிலும் தலைப்புக்குக் கீழே போனதில்லை. கீழே, பேனர் எழுத்து நடையில் இப்படி இருந்தது:

‘கிணற்றில் இறங்கிய வீரர் எவராயினும், அவரே வரும் ஞாயிறு காலை அம்மன் கோயிலில் குழந்தை தன்ஷிகாவைத் தாய்மாமன் முறையில் மடியில் அமர்த்திக் காதுகுத்து நடத்திக்கொடுப்பார். மாமன் சீராகத் தங்கக் கம்மல், வெள்ளிக் கொலுசு, பட்டுப்பாவாடை, தட்டு வரிசையுடன் வருமாறு அன்புடன் அழைக்கிறோம். இறங்கியவர்கள் ஒருவருக்கு மேற்பட்டோர் எனில், ஒவ்வொருவரும் தனித்தனியே சீர் கொண்டு வரவும்.’

பஸ் கிளம்பும் நேரத்துக்குக் கட்டுரை ஏறியது. படித்தார்கள். தூங்காமல் படித்தார்கள். கீழே ஒருவரும் எதுவும் எழுதவில்லை.

பிறகு மெதுவாக வரத் தொடங்கியது. ‘நான் எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.’ ‘நான் சொன்னது வேற கிணறு.’ செருப்புக்குக் காவல் இருந்தவன், தான் செருப்புக்குத்தான் காவல் இருந்தேன் என்று ஒப்புக்கொண்டான். பழைய கட்டுரையின் கீழே இருந்த ‘நான்தான்’கள் ஒவ்வொன்றாக அழிந்தன. மஸ்கட்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. தெலுங்குக்காரர், “நைனா, நாங்க மாமன் மொறையே இல்ல” என்று தமிழிலேயே எழுதினார்.

“அக்கா, சண்ட நின்னுபோச்சிக்கா” என்றான் ஜெகன், யாரோ தவறிப்போனது போல.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மன் கோயிலில் பாய் விரித்திருந்தது. காது குத்த வந்த நகைப் பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்புசெல்வனின் அக்காமார் முன் வரிசையில் இருந்தார்கள். பச்சையம்மா எருமையையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். “கெணத்து வெசயம்னு சொன்னாங்களே, இது இல்லாம எப்டி?” என்றார். எருமை யாரையும் அடையாளம் காட்டவில்லை. வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தைத் தின்னத் தொடங்கியது.

“நேரம் போவுதும்மா,” என்றார் பத்தர். “மடி யாரு?”

அன்புசெல்வனின் பெரிய அக்கா தொண்டையைக் கனைத்தாள். புவனா வாசலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் சின்னராசு வந்தார், கையில் ஒரு தட்டோடு. தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு பட்டுப்பாவாடை. கம்மல் இல்லை, கொலுசு இல்லை. வேட்டி புதிது.

“நான் பாதி வரைக்கும் எறங்கினேம்மா,” என்றார். “அப்பறம் யோசன சொல்ல ஆள் இல்லியேன்னு மேல வந்துட்டேன். அதான் பாதி சீரு.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “பொய்தாம்மா. ஒரு அடிகூட எறங்கல. புள்ள மடி இல்லாம நிக்கக் கூடாதில்ல, அதான் வந்தேன்.”

புவனா அவரைப் பார்த்தாள். கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். “ஒக்காருங்கண்ணே,” என்றாள்.

சின்னராசு பாயில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்தார். மடியைத் தட்டிப் பார்த்தார். அன்புசெல்வன் குழந்தையைத் தூக்கினான்.

அப்போது ரோட்டில் கம்பெனி பஸ் நின்றது. அது அங்கே நிற்கிற பஸ் இல்லை. ராத்திரி ஷிஃப்ட் முடித்த ஆட்கள் மொத்தமாக இறங்கினார்கள், எல்லாரும் ஒரே நீலச் சட்டையில். முன்னால் பரணி. ஷூவை வாசலில் கழற்றி எறிந்துவிட்டு, எருமையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் ஒரு சின்னச் சிவப்பு டப்பா, ஒரு துணிக்கடைப் பை.

“எந்திரிண்ணே,” என்றான்.

“எறங்குனது நீயா?” என்றார் சின்னராசு, உட்கார்ந்தபடியே.

“ஆமா.”

“எனக்குத் தெரியாதா? ஒன் தலைக்கு மேல நின்னு லெஃப்ட்டு லெஃப்ட்டுன்னு கத்துனவன் நான்தான.” அதைச் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எழுந்து இடம் விட்டார். தட்டை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பரணி உட்கார்ந்தான். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். சட்டையில் இரும்புத் தூசி இருந்தது.

“இந்தக் கட்டுரைலயும் என் பேரு இல்ல,” என்றான் அக்காவைப் பார்க்காமல்.

“தேடுனியா?”

“போவும்போது ஒரு வாட்டி, வரும்போது ஒரு வாட்டி.”

“அப்பறம் எப்டி வந்த?”

“கம்மல் கொண்டாறவன் வரணும்னு போட்டுருந்துச்சி.” டப்பாவைத் திறந்தான். குழந்தை பிறந்த மாதமே வாங்கி வைத்த கம்மல். “கம்மல் எங்கிட்டதான கீது. வேற எவன் கொண்டாருவான்?”

பத்தர் ஊசியை எடுத்தார். குழந்தை வாழை மரம் தின்னும் எருமையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதல் காதுக்கு அழவில்லை. கிணற்றில் இறங்கியவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான். இரண்டாவது காதுக்குக் குழந்தை அழுதது. அவனும் மூக்கை உறிஞ்சினான். நீலச் சட்டைக்காரர்கள் அதை மரியாதையாகக் கவனிக்காமல் இருந்தார்கள்.

திங்கட்கிழமை புவனா காதுகுத்தைப் பற்றி எழுதினாள். வேறு எதையும் அடிப்பதற்கு முன்னால், ‘கிணற்றில் இறங்கியவரும் குழந்தையின் தாய்மாமனுமாகிய பரணிதரன்’ என்று முதல் வரியை அடித்தாள். பாதிச் சீர் கொண்டுவந்தவர், வாழை மரம் கட்டியவர், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் அதற்குப் பிறகு. எருமைக்கும் ஒரு வரி.

“சண்ட இல்லாத மேட்டர எவன்க்கா படிப்பான்?” என்றான் ஜெகன்.

அதிகம் பேர் படிக்கவில்லைதான். ஆனால் வாரக் கடைசியில் அவன் எண்ணிக்கையைப் பார்த்துக் குழம்பிப்போய் அவளைக் கூப்பிட்டான்.

“அக்கா, இங்க பாரேன். ஒரே போனு. பஸ் போற நேரம் ஒரு வாட்டி, வர்ற நேரம் ஒரு வாட்டி. தெனம் இதையே தொறக்குது. மிஷினு கெட்டுப்போச்சா?”

“கெடல,” என்றாள் புவனா. “அத அப்டியே உடு.”